மணிபிளாண்ட் சொன்ன வாழ்க்கைத் திட்டம்

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணிக்கு, நகராட்சி நூலகத்தின் மாடி அரங்கில் ஒரு மணிபிளாண்ட் கொடி இருநூறு பேருக்கு வாழ்க்கைத் திட்டம் வகுத்துக் கொடுத்தது.

நிகழ்ச்சிக்குப் பெயர் ‘அறிவியல், கலை, கற்பனை வழியே நீடித்த வாழ்வு’. மூன்று ஞாயிறுகள் நடப்பதாக ஏற்பாடு. பூமியைக் கெடுக்காமல் வாழ்வது எப்படி என்று மனிதர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால், இந்த முறை செடியிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். செடி பேசும், அதை ஒருவர் மனித மொழியில் சொல்வார். அவர் தன்னைத் தாவர மொழிபெயர்ப்பாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த மொழியை எங்கே படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. குழாய் ரிப்பேருக்கு வருகிறவரை ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும் ஊர் அது.

மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதிலிருந்து இரண்டு ஒயர், நுனியில் இரண்டு கிளிப். கிளிப்புகளை இலையில் மாட்டினால் ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் போல இசை வந்தது. மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு சொல்வார். ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டு, பகலில் விளக்கெரித்து, ஏசி இரைந்துகொண்டிருந்த அந்த அரங்கில், மின்சாரத்தைச் சேமிப்பது பற்றி மணிபிளாண்ட் ஒரு மணி நேரம் பேசியது.

அனுமதி இலவசம். நன்கொடை விருப்பத்தைப் பொறுத்தது. விருப்பம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வாசலில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது.

செடி ஒவ்வொருவருக்கும் ஒரு வழி சொன்னது. வங்கி மேலாளரைக் குளிர்பெட்டியை விற்கச் சொன்னது. பேக்கரிக்காரரின் மனைவியை வடக்குப் பார்த்து நின்று பாத்திரம் கழுவச் சொன்னது. தண்ணீர் குறைவாகச் செலவாகுமாம். எல்லோரையும், மொழிபெயர்ப்பாளர் கட்டணம் வாங்கி நடத்தும் இரண்டாம் நிலை வகுப்பில் சேரச் சொன்னது. அந்த ஒரு விஷயத்தில் செடியிடம் கருத்து வேறுபாடே இருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வந்து இறங்கிய டீசல் வண்டியைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு மாத்திரை விஷயத்துக்கு வந்தது. மாத்திரை அட்டைகள் மக்குவதில்லை, ஒவ்வொரு அட்டையும் மண்ணின் மேல் ஒரு காயம், மருந்தை விட்டவன் மண்ணை ஆற்றுகிறான் என்றது. அட்டை மக்காது என்பது உண்மை. பொய்யை விழுங்க வைக்க ஒரு வாய் உண்மை போதும்.

மூன்றாவது வரிசையில் இருந்த ஓவிய ஆசிரியை இதைக் குறித்துக்கொண்டார். நல்ல மனுஷி. தூரிகை கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் அடுத்த வகுப்புக்கு வைத்திருப்பார். விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சிலைத் தூக்கிப் போட மனம் வராது. சிறு வயதிலிருந்து வலிப்பு உண்டு. காலை ஒன்று இரவு ஒன்று மாத்திரை. எட்டு வருஷமாக ஒருமுறைகூட வரவில்லை. அன்று இரவு மாத்திரையை நிறுத்தினார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அதோடு விடவில்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அந்த வாரமே ஒரு கலைப்படைப்பு செய்து கொடுத்தார். கம்பியில் ஒரு மரம். இலைகளெல்லாம் மாத்திரை அட்டைகள். ஊரார் கொண்டுவந்து கொடுத்தவை. பாதி அட்டைகளில் மாத்திரை அப்படியே இருந்தது. அடுத்த ஞாயிறு அது அரங்கின் நடுவில் நின்றது. வெள்ளிபோல மின்னியது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இருதயம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் கிளைகிளையாகத் தொங்கின.

விஷயம் வெளியே வந்தது அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீர் நேரத்தில். ஓவிய ஆசிரியையின் கணவர் அச்சகம் வைத்திருக்கிறார். அவருடைய தங்கை, அண்ணி வேலை பார்க்கும் பள்ளியிலேயே இயற்பியல் ஆசிரியை. பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர், பள்ளிக்குப் போகும் வழியில் அண்ணன் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போவார். அன்று அண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பை நிறைந்தது. ஊற்றுவது நிற்கவில்லை. தட்டு நிறைந்து, மேசையில் ஓடி, அச்சகக்காரரின் மடியில் சொட்டியது. அவர் துள்ளி எழுந்தார். ஓவிய ஆசிரியை கண்ணைத் திறந்து வைத்தபடி, எங்கேயும் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். கெட்டில் காலியான பிறகுதான் விழித்தவர் மாதிரி, யார் இப்படிக் கொட்டியது என்று கேட்டார்.

இதுவும் ஒருவகை வலிப்புதான் என்று நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. “அண்ணி, மாத்திரை போடறீங்களா இல்லையா?”

ஓவிய ஆசிரியை பொய் சொல்லத் தெரியாதவர். ஒன்பது நாளாகப் போடவில்லை என்றார்.

“எட்டு வருஷமா வரலையேம்மா. வராத வியாதிக்கு எதுக்கு மாத்திரை?”

“குடை பிடிச்சதாலதான் நனையாம வந்தீங்க. நனையலைன்னு பாதி வழியில குடையைத் தூக்கிப் போடுவாங்களா?”

நாத்தனார் சொல்லிக் கேட்ட அண்ணி எந்த ஊரில் இருக்கிறார்? வாக்குவாதம் வளர்ந்தது. உனக்கு எல்லாமே கணக்குத்தான், கலை மனசு கிடையாது என்று ஒரு பக்கம். கலை மனசு இருந்தால் மூளையைக் கழற்றி வைத்துவிட வேண்டுமா என்று மறுபக்கம். அச்சகக்காரர் மத்தளம்போல இரண்டு பக்கமும் அடிவாங்கிக்கொண்டு, ஈர வேட்டியோடு நின்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. நாளைக்கு இந்தக் கெட்டில் இருக்கும் இடத்தில் கொதிக்கிற எண்ணெய் இருந்தால்?

ஓவிய ஆசிரியை மேசையைத் துடைக்கத் தொடங்கினார். ஆனாலும் செடி பொய் சொல்லாது என்றார்.

“செடி பொய் சொல்லாது, சரி. அந்த ஆளுக்குச் செடி பேசறது கேக்குதான்னு பாத்துடலாமா?” என்றார் நாத்தனார்.

வழியை மொழிபெயர்ப்பாளரே போட்டு வைத்திருந்தார். மூன்றாவது ஞாயிறு அவரவர் வீட்டுச் செடியைக் கொண்டுவர வேண்டும். கூட்டத்தைப் பார்த்து மிரளாமல் இருக்கத் தொட்டியைப் பருத்தித் துணியால் மூடியிருக்க வேண்டும். அன்னியக் கை படக் கூடாது. கிளிப்பை வீட்டுக்காரரே துணிக்குள் கைவிட்டு மாட்ட வேண்டும். அப்படியென்றால் துணிக்குள் செடிக்குப் பதில் வேறொன்றை வைப்போம் என்றார் நாத்தனார். அவருக்குத் தெரிந்தால், இனி அந்த மனிதரைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். தெரியவில்லையென்றால் நீங்கள் அங்கேயே மாத்திரை போட வேண்டும் என்று பந்தயம் கட்டினார்.

ஓவிய ஆசிரியை உடனே ஒப்புக்கொண்டார். அவருக்குச் சந்தேகமே இல்லை. “கிளிப்பை மாட்டின மறு நிமிஷம் சொல்லிடுவாரு பாரு. உன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்.”

எதை வைப்பது என்பதையும் அவரே முடிவு செய்தார். ஞாயிறு காலை ஒரு பெரிய உருளைக்கிழங்கைக் குழைய வேகவைத்து, தோலுரித்து, உப்புத் தூவி, காலித் தொட்டிக்குள் தட்டில் வைத்து மூடினார்.

அரங்கில் அன்று நிற்க இடமில்லை. துணி போர்த்திய தொட்டிகள் வரிசையாக மடிகளில் உட்கார்ந்திருந்தன. முதலில் வந்த கற்றாழை, குடும்பத்தில் அமைதி வேண்டும் என்றது. அடுத்து வந்த ரோஜா, இரண்டாம் நிலை வகுப்பு என்றது. பிறகு ஓவிய ஆசிரியை தொட்டியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனார். மரம் செய்து கொடுத்தவர் என்பதால் கைதட்டல் பலமாக இருந்தது. துணிக்குள் கைவிட்டு இரண்டு கிளிப்பையும் குத்தினார். பெட்டி பாடியது. உண்மையில் கற்றாழையைவிட நன்றாகவே பாடியது.

மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடினார். தலை மெல்ல ஆடியது.

“நல்ல குழந்தை இவ. வேர் ஆழமா எறங்கியிருக்கு. மூணு நாள்ல புது இலை விடுவா. ஒரே ஒரு வருத்தம்தான் சொல்றா. வீட்டுல யாரோ மறுபடியும் மாத்திரைப் பேச்சை எடுக்கறாங்களாம்.”

கூட்டம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் நாத்தனார் சிரிக்கவில்லை. ஓவிய ஆசிரியையும் சிரிக்கவில்லை. அவர் மொழிபெயர்ப்பாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதாவது சொல்வார், கடைசி வார்த்தையிலாவது கண்டுபிடித்துவிடுவார் என்று காத்திருந்தது போலிருந்தது. மொழிபெயர்ப்பாளரோ அடுத்த தொட்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார்.

அப்போதுதான் ஓவிய ஆசிரியை துணியை எடுத்தார். மஞ்சளாக, லேசாக ஆவி விட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கு பாடிக்கொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் அனுபவசாலி. ஒரு கணம்தான் தடுமாறினார். “உருளைக்கிழங்கும் ஒரு காலத்துல செடிதானேம்மா. உயிருக்கு முடிவு ஏது?”

அரங்கம் பெருமூச்சு விட்டது. முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். வங்கி மேலாளர், இது இன்னும் ஆழமான விஷயம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தனக்குத் தெரிந்த பொய்யைவிட்டுத் தெரியாத உண்மைக்குப் போவதென்றால் மனிதனுக்குக் கால் வராது.

“வேர் ஆழமா எறங்கியிருக்குன்னீங்களே, எங்க?” என்று ஓவிய ஆசிரியை கேட்டார். குரல் உயரவில்லை. “புது இலை எங்கேருந்து வரும்? குக்கர்ல அஞ்சு விசில் விட்டேன்.”

“சூட்சும இலைம்மா அது.”

ஓவிய ஆசிரியை தோள்பையைத் திறந்தார். நீர்வண்ண ஓவியத்துக்கு வைத்திருக்கும் ஸ்பாஞ்சை எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அதை முக்கிப் பிழிந்தார். உருளைக்கிழங்கிலிருந்து கிளிப்புகளைப் பிடுங்கி ஸ்பாஞ்சில் மாட்டினார். பெட்டி அதே குழலை, அதே இனிமையோடு ஊதியது. இது நாத்தனாரின் திட்டத்தில் இல்லாத சோதனை.

“இதையும் மொழிபெயர்த்துச் சொல்லுங்க. கேட்டுக்கறேன்.”

ஸ்பாஞ்ச் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, பெட்ரோலியம் ஆதிகாலக் காட்டிலிருந்து வந்தது என்று மொழிபெயர்ப்பாளர் தொடங்கினார். இதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஆனால் பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர். எழுந்து நிற்க நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“ஐயா, ஸ்பாஞ்சு கெடக்கட்டும். நான் சர்க்கரை மாத்திரையை விட்டு ரெண்டு வாரமாச்சு. கண்ணு மங்குது. அதைச் சொன்னது செடியா, நீங்களா?”

மொழிபெயர்ப்பாளர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். இசை நின்றது. அந்த அமைதியில் செடிகள் எதுவும் பேசவில்லை. பேசியிருக்கவுமில்லை என்பது அப்போது பலருக்கு ஒரே நேரத்தில் உறைத்தது. அரை மணி இடைவேளை என்று அறிவித்துவிட்டு அவர் கீழே இறங்கினார். டீசல் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. இடைவேளை இன்னும் முடியவில்லை.

பெட்டி எப்படிப் பாடியது என்று இயற்பியல் ஆசிரியையான நாத்தனார் பிறகு மேடையேறி விளக்கினார். பெட்டி அனுப்பும் மெல்லிய மின்சாரம் ஈரமான எதிலும் ஓடும். அது சற்றுக் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பெட்டி சுரமாக்கும். எது வந்தாலும் காதுக்கு இதமாக இருக்கும்படி செய்தவர்களே அமைத்திருக்கிறார்கள். பொம்மை என்று சொல்லி விற்றால் நல்ல பொம்மை. கேட்க முப்பது பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் மரத்தைச் சுற்றி நின்று தங்கள் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு மருந்துக் கடைக்காரர் இருந்தது நல்லதாகப் போயிற்று. யாரும் மரத்திலிருந்து பறித்து விழுங்க வேண்டாம், யாருடையது எதுவென்று தெரியாது, எல்லோரும் டாக்டரிடம் போங்கள் என்று தடுத்தார்.

ஓவிய ஆசிரியை கைகழுவும் இடத்தில் நின்று, கணவர் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நாத்தனார் பக்கத்தில் நின்றார். தண்ணீர் டம்ளரை மட்டும் நீட்டினார். சொல்லிக்காட்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அதை விட்டுக்கொடுத்தது அந்தக் குடும்ப வரலாற்றில் புதிது.

அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் இப்போது ஒரு பெரிய படம் இருக்கிறது. எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று மீட்டரைப் பார்த்து நாத்தனார் அளந்து சொல்ல, அண்ணி வரைந்தது. வெந்நீர் ஹீட்டர் யானையாக நிற்கிறது. இத்தனை நாளும் அணைத்து அணைத்துச் சண்டை போட்ட விளக்கு, எறும்பு. கூரையில் கறுப்புக் குழாய் போட்டு வெயிலில் தண்ணீர் சூடாக்குகிறார்கள். மின்கட்டணம் குறைந்திருக்கிறது. சுவர் பேசுகிறது என்று யாரும் வந்து கும்பிடவில்லை.

செடிக்கு வாயில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நமக்கு மூளை உண்டு என்பதைத்தான் அவ்வப்போது யாராவது நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தபால்காரருக்கு ஒரு கண்ணில் மட்டும் பார்வை திரும்பியது.