பெல்டன் ஊரின் வயிற்றுக் குளிர்

மதுவிலக்கை உயிராக நேசித்து, மதுவை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நேசிக்கும் மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? பார்க்காமல் எங்கே போய்விடப் போகிறீர்கள்! சட்டம் வந்த ஏழாவது வருஷம் எங்கள் இல்லினாய் மாநிலத்தில் சோளத்துக்கு அடுத்தபடியாகச் செழித்து விளைந்தது இந்த இனம்தான். குடிகாரர் என்று அவரைச் சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். குடிகாரன் குடிக்கிறான். இவர் சிகிச்சை பெறுகிறார்.

எங்கள் பெல்டன் ஊரில் இந்த இனத்தின் கொழுத்த மாதிரி, எல்பர்ட் ட்ராஸ்க். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. மதுவிலக்குச் சங்கத்துக்கு மூன்றாம் வருஷமாகத் தலைவர். சட்டமன்றத்துக்கு நிற்கப் போகிறார் என்று முடிவெட்டும் கடையில் பேச்சு. கூட்டங்களில் அவர் தண்ணீர் டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, வைரம் பார்க்கிறவரைப் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “இதோ, ஆண்டவனே காய்ச்சின பானம்!” என்பார். பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். அவர் கடையின் கண்ணாடி ஜன்னலிலோ, ‘மது அரக்கனை ஒழிப்போம்’ என்ற அட்டைக்குக் கீழே தாமிரக் கொப்பரைகள், ரப்பர் குழாய்கள், புட்டிகளுக்கான தக்கைகள் எல்லாம் பளபளவென்று அடுக்கியிருக்கும். எதற்கு என்று வாங்குபவர் சொல்ல மாட்டார். விற்பவர் கேட்க மாட்டார். “ஜாம் காய்ச்சவா?” என்று மட்டும் கேட்பார். ஜனவரியிலும் கேட்பார்.

இதில் விசேஷம் என்னவென்றால், சட்டத்துக்கு முன்னால் ட்ராஸ்க் ஒரு சொட்டும் தொட்டவரில்லை. அப்போது மதுக்கடை என்றால் ஆலைக்காரர்களும் ஜெர்மானியர்களும் போகும் இடம். தொப்பியும் மரியாதையும் உள்ளவன் அந்தப் பக்கம் திரும்புவானா? பிறகு சட்டம் வந்தது. மருந்தாக மட்டும் விஸ்கி எழுதிக் கொடுக்கலாம், ஆளுக்குப் பத்து நாளைக்கு ஒரு புட்டி என்று ஒரு சின்ன ஜன்னலும் கூடவே வந்தது. அன்றிலிருந்து பத்து நாளைக்கு ஒருமுறை அவர் வயிறு சில்லிடத் தொடங்கியது. காலண்டர் தவறினாலும் வயிறு தவறவில்லை. அவர் மனைவி லவீனியாவின் தாயார் ஒரு காலத்தில் மதுக்கடைப் படியில் மண்டியிட்டுப் பாடி, கடைக்காரரைக் கதவடைக்க வைத்தவள். மகளோ கூந்தலைக் காதளவு கத்தரித்து, முழங்கால் தெரியப் பாவாடை உடுத்தி, ஓட்டுரிமை வாங்கி, அதோடு நரம்புத் தளர்ச்சியும் வாங்கிக்கொண்டாள். அதற்கும் பத்து நாளைக்கு ஒரு புட்டி. கடை இருந்தவரை பெண்கள் குடிப்பதற்காக அதன் வாசலை மிதித்ததில்லை. கடையை மூடினார்கள், வீட்டுக்கு வீடு வரவேற்பறையில் ஒரு கடை திறந்தது.

டாக்டர் பிரூயிட்டின் அறையில் நடக்கும் சடங்கு இது:

“இந்தத் தடவை என்ன எல்பர்ட்?”

“அதே குளிர்தான் டாக்டர். வயித்துக்குள்ள.”

“ஆகஸ்ட் மாசம்யா இது!”

“அதான் டாக்டர், எனக்கே பயமா இருக்கு.”

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள் இல்லையா? ட்ராஸ்க் கெட்டது தண்ணீர் குடித்த வாயால். சங்கத் தலைவர் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, சர்ச் மண்டபம் நிறைந்த ஒரு மாலையில், டம்ளர் உயர்ந்தது, குரலும் உயர்ந்தது:

“மருந்துன்னு பேரு சொல்லி விஸ்கி வாங்கற கபடதாரிங்க இந்த ஊர்லயே இருக்காங்க! ஒவ்வொருத்தர் பேரும் மருந்துக்கடைப் புத்தகத்துல இருக்கு. அத்தனை பேரையும் வர்ற சனிக்கிழமை பத்திரிகையில போடணும்! என்ன சொல்றீங்க?”

அறுபது உறுப்பினர், அறுபது கைகள். மண்டபம் அதிர்ந்தது. மாநிலச் சங்கத்துக்கு அப்போதே தந்தி பறந்தது. உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்து, டம்ளரை வாயில் வைத்தபோதுதான் ட்ராஸ்க்குக்கு உறைத்தது. வயிறு நிஜமாகவே சில்லிட்டது.

காரில் வரும்போது லவீனியா கேட்டாள்: “நம்ம பேரும் வருமே, யோசிச்சீங்களா?”

“நம்ம பேரு எதுக்கு வருது? நான் சொன்னது கபடதாரிங்களை. நமக்கு நிஜமாவே உடம்பு சரியில்லையே!”

“அப்ப வந்தா என்ன?”

ட்ராஸ்க் மனசுக்குள் கணக்குப் போட்டார். தலைவர் பதவி போகும். சட்டமன்றம் கனவிலும் வராது. தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் பின்வரிசையில் யாராவது இருமுவார்கள்.

மறுநாள் காலை மருந்துக்கடையில் ஒரே கூட்டம். எல்லாரும் சங்கத்துக்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பல்பொடி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகர் வீட்லி கையில் நாலு டப்பா.

“வாங்க தலைவரே, நீங்களும் பல்பொடியா?” என்றார் கடைக்காரர் ஹைரம் நௌல்ஸ்.

ட்ராஸ்க் அவரை உள்ளறைக்கு இழுத்துப் போனார். “ஹைரம், புத்தகத்துல சங்கத்துக்காரங்க எத்தனை பேருய்யா?”

“சங்கத்துல அறுபது. புத்தகத்துல அறுபத்தொண்ணு.”

“அது எப்படி?”

“போதகர் மாமியார் பேர்லயும் வாங்கறாரு.”

“அந்தம்மா செத்து நாலு வருஷமாச்சே!”

“இன்னும் தேறலையாம்.”

ட்ராஸ்க் நாற்காலியில் சாய்ந்தார். “இந்த ஊர்ல மருந்து வாங்காத ஆளே கிடையாதா?”

“ஒருத்தர் உண்டு. காஸ்பர் டீட்ஸ். என் கடைப்படி ஏறினதே இல்ல. கல்லு மாதிரி உடம்பு.”

காஸ்பர் டீட்ஸ் இருபத்திரண்டு வருஷம் மதுக்கடை நடத்தியவர். அத்தனை பேர் குடித்ததைப் பார்த்தே தான் குடிக்காமல் இருந்தவர். சட்டம் வந்த அன்று பீப்பாய்களைத் தன் கையாலேயே உடைத்துவிட்டு, அதே விற்பனை மேசைக்குப் பின்னால் நின்று ஐஸ்கிரீம் விற்றார். சங்கத்தில் சேர இரண்டு முறை மனுப்போட்டார். பழைய தொழிலைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டார்கள். ஊரிலேயே சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தவர் அவர் ஒருவர்தான்.

ட்ராஸ்க்கின் முகம் மெல்ல மலர்ந்தது.

வியாழக்கிழமை அவசரக் கூட்டம். டம்ளர் உயர்ந்தது. “நோயாளிங்க பேரைப் பத்திரிகையில போடறது கிறிஸ்தவப் பண்பாகுமா? நான் கேக்கறது வேற கேள்வி. ஊரே வியாதியில கிடக்கு. ஒருத்தர் மட்டும் ஏழு வருஷமா ஒரு தும்மல்கூட இல்லாம திரியறாரு. எப்படி? மருந்துக்கடைக்கும் வர்றதில்ல. அப்ப அவருக்கு மருந்து எங்கேருந்து வருது?”

மூச்சுவிடும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. எத்தனை நிம்மதி அந்த மூச்சில்! அறுபது கைகள் மறுபடியும். சனிக்கிழமை பத்திரிகையில் ஒரே ஒரு பெயர்.

திங்கட்கிழமை அரசாங்க ஆட்கள் கோடரியோடு டீட்ஸ் கடைக்குள் புகுந்தார்கள். தரையைப் பெயர்த்தார்கள், ஐஸ்கிரீம் செய்யும் மரவாளிகள் இரண்டைப் பிளந்தார்கள். உள்ளே பால் இருந்தது. ஸ்ட்ராபெரி இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, “நல்லா ஒளிச்சு வெச்சிருக்கான்” என்று சொல்லிப் போனார்கள். அதன்பிறகு எந்தத் தாயும் பிள்ளைகளை அந்தக் கடைக்கு விடவில்லை.

பத்து நாள் ஈ ஓட்டினார் டீட்ஸ். பதினோராம் நாள் தொப்பியைக் கையில் பிடித்தபடி டாக்டர் முன்னால் போய் நின்றார்.

“டாக்டர், எனக்கு ஒரு வியாதி வேணும்.”

“எந்த மாதிரி காஸ்பர்?”

“ஊர்ல எல்லாருக்கும் இருக்கே, அது.”

டாக்டர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஐஸ்கிரீம் கடை மேசைமேல் ஒரு புட்டி, மூடி திறக்காமல், ‘வயிற்றுக் குளிருக்கு’ என்ற சீட்டு தெருவைப் பார்க்க உட்கார்ந்திருந்தது. அந்த வாரமே கூட்டம் திரும்பிவிட்டது. மூன்றாவது மனுவைச் சங்கம் ஏகமனதாக ஏற்றது. மறுபடியும் தலைவராகியிருந்த ட்ராஸ்க்கே டீட்ஸின் சட்டையில் சங்கத்தின் சின்னமான வெள்ளை ரிப்பனைக் குத்திவிட்டார்.

“இப்பத்தான் காஸ்பர், நீங்க நம்மாளு.” பிறகு காதோரம் குனிந்து, “ஆமா, அந்தப் புட்டியை என்ன பண்றதா உத்தேசம்?”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள், அது வேறு ஊர், வேறு மனிதர்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடைசியாக நீங்கள் இரண்டு கையையும் தூக்கி ஆதரித்த சட்டம் எது? தூக்கியபோது உங்கள் கண்ணில் வந்தது யார் முகம்? பக்கத்து வீட்டுக்காரர் முகம்தானே?

எங்கே, நாக்கை நீட்டுங்கள். எனக்கென்னவோ உங்களுக்கும் லேசாகக் குளிர் இருப்பதுபோல்தான் தெரிகிறது.