தைரியம் சாரின் முதல் நேர்காணல்

கட்டைவிரலை வைத்தார் தைரியம் சார். கதவு திறக்கவில்லை. 'பதிவில் இல்லாத நபர்' என்றது சுவரில் இருந்த வருகைக் கருவி.

விரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கருவி அதையே சொன்னது. ஒருவேளை மனம் மாறலாம் என்று இடது கை விரலையும் வைத்துப் பார்த்தார். இந்த முறை 'மன்னிக்கவும்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டதே தவிர, கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

வாசலில் காவலுக்கு இருந்த அக்கா நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள்.

"என்னம்மா இது, என்னையே தெரியலைங்குது?"

"எனக்குத் தெரியுது சார். அதுக்குத் தெரியலையே."

அந்த வேலைவாய்ப்பு மையத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. வேலை தேடி வருபவர்களுக்கு நேர்காணலில் எப்படி உட்காருவது, எப்படிப் பேசுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. வகுப்பில் அவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் எப்போதும் 'தைரியமா உட்காருங்க' என்பதுதான். அதனால் தைரியம் சார் ஆகிவிட்டார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இப்போது அங்கேயும் இல்லை.

ஒரு சங்கதியை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. அவர் வாழ்நாளில் ஒரு நேர்காணலுக்கும் போனதில்லை. அப்பா அதே அலுவலகத்தில் பணியில் இருக்கும்போதே இறந்துவிட, வாரிசு என்ற முறையில் மகனை உட்கார வைத்துவிட்டார்கள். அன்று உட்கார்ந்தவர்தான், ஊருக்கெல்லாம் உட்காரச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் மத்திய அரசுக்குச் சீர்திருத்த ஆசை வந்தது. பயிற்சிக்கு ஓர் அலுவலகம், பதிவுக்கு ஓர் அலுவலகம், உதவித்தொகைக்கு ஓர் அலுவலகம் என்று வேலையில்லாதவனை மாடிக்கு மாடி ஏறவிட்டது போதும், இனி எல்லாம் ஒரே கூரை, ஒரே இணையதளம் என்று அறிவித்தார்கள். அதுவரைக்கும் யாரும் குறை சொல்லவில்லை. கூடவே, மூன்று அலுவலகத்து ஊழியர்களும் தங்கள் வேலைக்கே மறுபடி விண்ணப்பித்து, நேர்காணலில் தேறி வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

மற்றவர்கள் பதறிப்போய் அவரிடம் ஓடிவந்தார்கள். தைரியம் சார் சிரித்தார். நேர்காணல் என்று சொல்லி யாரை மிரட்டுகிறார்கள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியை வைத்துக்கொண்டு கணினி முன் அமர்ந்தார்.

இணையதளத்தின் முதல் கேள்வி, 'தற்போது வேலையில் இருக்கிறீர்களா?' அவர் 'ஆம்' என்றார். 'இந்தச் சேவை வேலை தேடுவோருக்கு மட்டும்' என்று சொல்லி அது மூடிக்கொண்டது. திரும்பத் திரும்ப முயன்றார், திரும்பத் திரும்ப மூடிக்கொண்டது. கடைசியில் 'இல்லை' என்று போட்டார். உடனே 'வருக வருக' என்று பூச்செண்டுப் படத்தோடு திறந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. "இருக்கிற வேலையை இல்லைன்னு சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?"

"கேள்வி கேக்கறவனுக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லணும். இருபது வருஷமா இதைத்தானே சொல்லிக் கொடுக்கறேன்," என்றார் அவர்.

எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டதல்லவா? அவருக்கு வேலையில்லை என்ற செய்தி, காபி ஆறுவதற்குள் சம்பளப் பிரிவுக்கும் வருகைக் கருவிக்கும் வாசல் கதவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சீர்திருத்தம் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

கதவு திறக்காத அந்தக் காலையில், காவல் அக்கா தயவில் பொதுமக்கள் வழியாக உள்ளே போய் மேலாளர் அம்மாவைப் பார்த்தார். ஓய்வு பெற நாள் எண்ணிக்கொண்டிருந்த அந்த அம்மாள், அவர் சொன்னதையெல்லாம் நிதானமாகக் கேட்டாள். தன் பெயரே பதிவில் இருக்கிறதோ இல்லையோ, இதில் அடுத்தவர் பெயரைச் சேர்க்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று கையை விரித்துவிட்டாள். ஆனால் வழி இருந்தது. வேலையில்லாதவர் என்று பதிவானவர் முதலில் தன்னம்பிக்கைப் பயிற்சியை முடிக்க வேண்டும். பிறகு இணையதளம் காட்டும் இடத்தில் ஒரு நேர்காணலுக்குப் போய்வர வேண்டும். அதற்கப்புறம் விரும்பிய பணிக்கு விண்ணப்பிக்கலாம்.

"அவ்வளவுதானே? முடிச்சிடறேன். தன்னம்பிக்கைப் பயிற்சி யார் நடத்தறாங்க?"

"நீங்கதான்."

பயிற்சி அட்டவணையில் மட்டும் அவர் பெயர் இன்னும் அடிபடவில்லை. தைரியம் சார் அசரவில்லை. சொல்லிக்கொடுத்த பாடத்தைத் தானே படிப்பதில் என்ன சிரமம் என்று வகுப்புக்குள் நுழைந்தார். சிரமம் கூரையில் இருந்தது. புதிய முறைப்படி அங்கே ஒரு கேமரா வைத்திருந்தார்கள். அது அவ்வப்போது படம் எடுக்கும். கரும்பலகை அருகே பயிற்சியாளர் இல்லாவிட்டால் வகுப்பு ரத்து. நாற்காலியில் பயிற்சி பெறுபவர் இல்லாவிட்டால் அவர் பெயர் ரத்து.

ஆகவே அவர் பலகைக்கும் நாற்காலிக்குமாக ஓடினார். நின்றுகொண்டு கேள்வி கேட்டார், ஓடிப்போய் உட்கார்ந்து பதில் சொன்னார், எழுந்து வந்து 'மிகச் சரியான பதில்' என்று தன்னைத் தானே பாராட்டினார். மதியத்துக்குள் சட்டை நனைந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த பழைய பஸ் ஓட்டுநர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"சார், ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்க. பாக்கற எங்களுக்குத் தலை சுத்துது."

இதற்கிடையில் பக்கத்து அறையில் ஊழியர் கூட்டம் ஒன்று நடந்தது. போகப் பார்த்தார். கதவுக் கருவி அவரை ஊழியர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டத்தில் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று திரும்பிவந்து நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே எழுந்து பலகைக்கு ஓடினார்.

பயிற்சி முடிந்ததும் மதிப்பெண் போட வேண்டும். எல்லோருக்கும் தாராளமாகப் போட்டார். தன் பெயர் வந்ததும் முழு மதிப்பெண் போட்டார், அது நியாயம்தான். ஆனால் போட்டு முடித்ததும் ஒரு சந்தேகம் கிளம்பியது. தனக்குத் தானே அள்ளிக் கொடுத்துக்கொண்டார் என்று நாளைக்கு விசாரணை வந்தால்? கொஞ்சம் குறைத்தார். ஓட்டுநரை விட அதிகமாக இருப்பது கண்ணை உறுத்தியது, இன்னும் குறைத்தார். கடைசியில் வகுப்பிலேயே எல்லோருக்கும் கீழே போய், தேறினால் போதும் என்ற இடத்தில் நின்றார். குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் எழுதியே தீர வேண்டும் என்று இணையதளம் பிடிவாதம் பிடித்தது. 'தன்னம்பிக்கை போதாது' என்று எழுதினார்.

அதன் பலன் மறுநாளே வந்தது. இணையதளம் அவருடைய மதிப்பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, 'வீட்டுக்கு அருகில், பரிச்சயமான சூழலில்' ஒரு நேர்காணலுக்கு ஏற்பாடு செய்திருந்தது. பணி: மக்கள் தொடர்பு. நேர்காணல் நடக்கும் இடம்: பெரிய தெருவில் இருக்கும் டைல்ஸ் கடை.

அந்தக் கடை அவருடைய மச்சானுடையது. மனைவியின் அண்ணன். கல்யாணத்துக்கு மறுநாளே, 'மாப்ளைக்குப் பேச்சு நல்லா வருது, நம்ம கடையில உக்காந்தா டைல்ஸ் பறந்துடும்' என்று சொன்னவர். அதற்கப்புறம் குடும்பத்தில் யார் வீட்டில் விருந்துக்குக் கூடினாலும் அந்த வாக்கியத்தை ஒருமுறை சொல்லாமல் கை கழுவ மாட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குக் கீழே வேலை பார்ப்பதா? காலையில் முதலாளி என்று கும்பிடு போட்டுவிட்டு, மாலையில் அதே ஆளுக்கு வீட்டில் மாப்பிள்ளை முறுக்கு காட்ட முடியுமா? அரசாங்க நாற்காலி போய்விட்டால் அவருக்கு அந்தக் கதிதான். தைரியம் சாருக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

தப்பிக்க வழியுண்டா என்று விதிகளைப் பார்த்தார். நேர்காணலுக்குப் போகாவிட்டால் பெயர் அடிபடும். போய், வேலை கிடைத்து, வேண்டாம் என்றாலும் அடிபடும். பெயர் அடிபட்டால் தன் பழைய வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. முதலாளியே தகுதியில்லை என்று தள்ளினால் மட்டும்தான் விடுதலை.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நேர்காணலில் தேறுவது எப்படி என்று தெரிந்தவனுக்குத் தோற்பது எப்படி என்று தெரியாதா?

"அண்ணன் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு," என்றாள் மனைவி. "உங்ககிட்ட முக்கியமா ஏதோ பேசணுமாம்."

"நேர்காணலுக்கு முன்னாடி முதலாளிகிட்ட தனியாப் பேசக் கூடாது. முறையில்லை."

"உங்க மேல அவருக்கு ரொம்ப அக்கறைங்க. ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சு போவுது?"

அந்த அக்கறைதான் வேண்டாம் என்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் தேய்த்து வைத்திருந்த சட்டையை ஒதுக்கித் தள்ளி, துவைக்கப் போட்டிருந்த சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

கடைக்கு வேண்டுமென்றே தாமதமாகப் போனார். மச்சான் மேஜையைத் துப்புரவாக்கி, தலையைப் படிய வாரி, வழக்கமில்லாத முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தாங்கியில் கைபேசி அவர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"வாங்க மாப்ள. இது அப்படியே மத்திய அலுவலகத்துக்குப் போகுது. அதுவே மார்க் போட்டுடும். கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

தைரியம் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மச்சான் பாசத்தில் தேற்றிவிடுவாரோ என்று உள்ளுக்குள் இருந்த ஒரே கவலையும் தீர்ந்தது. நாற்காலியைச் சர்ரென்று இழுத்துப் போட்டு, சாய்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

தன்னைப் பற்றிச் சொல்லும்படி மச்சான் கேட்டார். உங்கள் தங்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார் இவர். முன்பு இருந்த மேலாளர் எப்படி என்று கேட்டதற்கு, அந்த அம்மாள் மதியத்தில் தூங்குவதைக் குறட்டையோடு நடித்துக் காட்டினார். நடுவில் கைபேசி அடித்தது. எடுத்து, இங்கே ஒரு வெட்டி வேலை, இதோ முடிந்துவிடும் என்று உரக்கப் பேசினார். கேமராவை நேராகப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டார். வகுப்பில் 'இதையெல்லாம் செய்யாதீர்கள்' என்று சொன்ன அத்தனையையும், ஒன்று விடாமல், ரசித்து ரசித்துச் செய்தார்.

மச்சானின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"கஷ்டத்துல, குழம்பிப் போய் வர்ற ஜனங்ககிட்ட எப்படி நடந்துப்பீங்க?"

குளியலறைக்கு எந்த நிறத்தில் டைல்ஸ் போடுவது என்று குழம்புகிறவர்களுக்கு இவ்வளவு பெரிய வார்த்தையா என்று தைரியம் சாருக்குத் தோன்றியது. "கதவைச் சாத்திக்குவேன்," என்றார்.

"ஐயோ மாப்ள, இதுல ஒரு விஷயம் இருக்கு. நான் முன்னாடியே உங்ககிட்ட..."

"குறுக்கே பேசாதீங்க மச்சான். நான் இன்னும் முடிக்கல."

முடிப்பதற்கு அவசியமே இருக்கவில்லை. கைபேசி 'டிங்' என்றது. மச்சான் திரையைப் பார்த்தார். பிறகு அதை இவர் பக்கம் திருப்பினார். சிவப்பு எழுத்தில் 'தகுதியில்லை' என்று இருந்தது. அதற்குக் கீழே 'இந்த முடிவு இறுதியானது' என்றும் இருந்தது.

"என் கையில ஒண்ணுமே இல்ல மாப்ள," என்றார். கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

தைரியம் சாருக்கு மனம் இளகிவிட்டது. வேலை கிடைக்காமல் திரும்பி வருகிறவர்களிடம் சொல்வதை மச்சானிடம் சொன்னார், தோளைத் தட்டிக் கொடுத்தார். "விடுங்க மச்சான். எல்லாருக்கும் எல்லா வேலையும் அமைஞ்சிடுமா? இதைவிட நல்லது ஒண்ணு வரும்." மச்சான் என்னவோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். நடக்கும்போது விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது, அடித்தார். கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலையில், தன் பழைய வேலைக்கு நேரிலேயே விண்ணப்பித்துவிடலாம் என்று, மனைவி தேய்த்து வைத்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டார். காலணிக்கு மெருகு போட்டார். கண்ணாடி முன் நின்று, வாழ்க்கையின் முதல் உண்மையான நேர்காணலுக்கு ஒரு புன்னகையைத் தயார் செய்துகொண்டார். தன் நாற்காலியைத் தன்னைத் தவிர யார் வாங்கிவிட முடியும் என்று நினைத்தபோது நெஞ்சு விம்மியது.

மையத்தின் வாசலில் காவல் அக்கா உட்கார்ந்திருந்தாள். உள்ளே மேஜைகளை இடம் மாற்றும் சத்தம் கேட்டது. கதவுக் கருவியின் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் இடத்துக்கு நேர்காணல் எந்த ரூம்லம்மா? போய்த் தைரியமா உட்காரணும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த மையத்தை நடத்தற பொறுப்பை டெண்டர்ல எடுத்ததே உங்க மச்சான்தானே சார்? அன்னிக்கு ஊழியர் கூட்டத்துலயே சொன்னாங்களே. உங்க இடத்துக்கு நேர்காணல் நேத்தே அவர் கடையில முடிஞ்சு போச்சே, நீங்க போகலையா?"