எடுத்த பிறகு வருவது

கிளேட்டன் துரை முதலில் வைத்த இனிப்பான மீட்டாவில் நான்கு கரண்டி சாப்பிட்டார். மடியில் கிடந்த துண்டால் வாயை ஒற்றிக்கொண்டார். "தேங்க்யூ" என்று எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, குதிரைவண்டி ஏறி ஸ்டேஷனுக்குப் போயே போய்விட்டார். கொல்லையில் பிரியாணி தேக்சாவின் மூடியை இன்னும் திறக்கவே இல்லை.

முக்தார் அகமது சாயபு தம் ரைட்டர் அப்துல் சமதை முறைத்தார். ஆம்பூரில் அவருடைய ஷாப்பில் பதனிட்ட தோல்களைச் சீமைக்கு வாங்க வந்தவர் அந்தத் துரை. "இங்கிலீஷ் பழக்கமெல்லாம் எனக்கு அத்துப்படி" என்று அளந்துதான் சமத் போன மாதம் வேலையில் சேர்ந்திருந்தான்.

"இன்னா மியா இது? விருந்துன்னா முதல்ல இனிப்பு வைக்கிறது நம்ம வீட்டு மரியாதை. அதைத் தின்னுட்டு மனுஷன் பட்டினியாப் போய்ட்டாரே! புதன்கிழமை மறுபடி வர்றார். அன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா நீ பெட்டியைக் கட்டிக்க."

சமத் ஸ்டேஷனுக்கு ஓடினான். துரையின் பட்லர் சவரிமுத்து மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"துரைங்களுக்கு இனிப்பு கடைசியில, ரைட்டரே. அது வந்துட்டா சாப்பாடு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்குப் பேரே தனி. டெசர்ட்! புதன்கிழமை எனக்கு மெட்ராஸ்ல வேலை. நீங்களே பார்த்துக்குங்க."

வேலூர் லாங் பஜாரில் வாங்கிய தடி அகராதியை சமத் பிரித்தான். பிரெஞ்சிலிருந்து வந்த சொல்லாம். பரிமாறியதை எடுத்துவிடுவது என்று பொருளாம். ஆக, எல்லாவற்றையும் எடுத்த பிறகு வருவதுதான் டெசர்ட். சமதுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நாம் அல்வாவை அல்வா என்கிறோம், அதோடு சரி. இவர்களோ ஒரு தின்பண்டத்தின் பெயருக்குள் முழு வீட்டுவேலையையே மடித்து வைத்திருக்கிறார்களே!

முதலாளியும் பிரமித்துப் போனார். "எடுக்கிறதுன்னா எப்படி?"

"நாம தரையில தஸ்தர்கான் விரிச்சுச் சாப்பிட்டு, முடிஞ்சதும் துணியோட வாரித் தூக்கிடறோமே, அது மாதிரி முதலாளி."

"துரை துணி விரிச்சா சாப்பிடறார்? மேஜை மேல இல்ல சாப்பிடறார்?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ மேஜையைத்தான் தூக்கணும்" என்றார் முதலாளி, பயபக்தியோடு.

புதன்கிழமை துரை பிரியாணியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சமத் கைதட்டினான். ஈரத்தோல் சுமக்கும் ஆட்கள் நான்கு பேர் வந்து, தட்டு, கூஜா எல்லாவற்றோடும் தேக்கு மேஜையைத் தூக்கினார்கள். துரை முள்கரண்டியும் கையுமாக நாற்காலியில் தனித்து உட்கார்ந்திருந்தார்.

மேஜை வாசலில் சிக்கிக்கொண்டது.

"சாய்ங்கப்பா, சாய்ங்க!"

சாய்த்தார்கள். கூஜா துரையின் பூட்ஸில் கவிழ்ந்தது.

"வெளியே இருந்து நல்லா இழுங்க!"

இழுத்தார்கள். மேஜை நிலையோடு இறுகியது. துரை உள்ளே, மீட்டா வெளியே.

சமத் மீட்டாக் கிண்ணத்தோடு ஜன்னல் பக்கம் ஓடினான். கம்பிக்கு நடுவே கிண்ணம் நுழையவில்லை. வேறு வழி தெரியாமல் கரண்டி கரண்டியாக நீட்டினான். துரை எழுந்து வந்து, ஜன்னலோரம் நின்று, கிண்ணம் காலியாகும் வரை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். பிறகு தச்சன் வந்து மேஜைக்கால் இரண்டை அறுத்ததும் வெளியே வந்தார். தோலைப் பற்றி மூச்சே விடவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டிவிட்டு வண்டி ஏறினார்.

"பதில் வர்ற வரைக்கும் இரு" என்றார் முதலாளி. சமத் அன்றைக்கே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டான்.

பத்தாம் நாள் சவரிமுத்து கடிதத்தோடு வந்தார். சமத் பிரித்துப் படித்தான். இந்த வருஷத்துத் தோல் முழுவதையும் துரையே எடுத்துக்கொள்கிறாராம்! முதலாளி அவனைக் கட்டித் தழுவிக்கொண்டார். சமதுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

"அப்போ துரைக்குக் கோபம் இல்லையா?"

சவரிமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி உட்கார்ந்தார்.

"கோபமா? 'டெசர்ட்டுன்னா இன்னான்னு ஆம்பூர்க்காரங்களுக்குத்தான் முழுசாத் தெரியும்'னுட்டு, தினம் மேஜையைத் தூக்கவெச்சு, இனிப்பை ஜன்னல் வழியா இல்ல ஊட்டச் சொல்றார்!"