லீக் அண்ணனும் காற்றில்லாத பெட்டியும்

தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவே எந்தக் குழாய் சொட்டினாலும், எந்த டயரில் காற்று இறங்கினாலும், முதலில் நிம்மதி போவது எங்கள் லீக் அண்ணனுக்குத்தான். சந்தேகம் இருந்தால் இரும்புலியூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பெற்றவர்கள் நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். அதை நாங்கள் யாரும் உபயோகித்ததில்லை. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். நானும் அவரும் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே ஹவுஸ் ஓனர், ரிட்டயர்டு டீச்சர்.

அண்ணனின் ஆராய்ச்சி இதுதான். ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, உள்ளே கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு பூச வேண்டும். கொஞ்சம் காற்று புகுந்தாலும் பூச்சு பாழ். அந்தப் பெட்டியில் எங்கோ ஒரு லீக். எங்கே என்பதுதான் தெரியவில்லை. எப்போது முடிப்பீர்கள் என்று யார் கேட்டாலும், "ஆறு மாசம்" என்பார். நான் குடிவந்த அன்றும் ஆறு மாசம்தான். எனக்கு இரண்டு முறை வேலை மாறிய பிறகும் ஆறு மாசம்தான்.

மனிதரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பல் தேய்த்துக்கொண்டே ஜி.எஸ்.டி. ரோடு வரை போய்விடுவார். மின்சார ரயிலில் சீட் காலியாகக் கிடக்கும். இவர் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடப்பார். ரயில் பாதி தூரம், இவர் பாதி தூரம் என்று கணக்கு. வீட்டில் இருந்தால் சோப்பு நுரையும் கையுமாக அலைவார். ஒருநாள் கீழே போய் டீச்சரின் சிலிண்டருக்கு நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது என் கேஸ் சிலிண்டர். உன் தீசிஸ் இல்ல!" என்று டீச்சர் அலறியது மாடிக்குக் கேட்டது.

குரோம்பேட்டையில் பெண் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். பஜ்ஜி வந்தது, பெண் வந்தாள், எல்லாம் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அண்ணன் காதைத் தீட்டினார். அடுக்களையில் குக்கர் லேசாகச் சீறிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், நேரே உள்ளே போய்விட்டார்.

"ஆன்ட்டி, சைடுல ஆவி போகுது பாருங்க. உங்க கேஸ்கெட் போச்சு."

"பொண்ணு பாக்க வந்தீங்களா, குக்கர் பாக்க வந்தீங்களா?" என்றார் பெண்ணின் அம்மா. பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. "படிப்பு எப்ப முடியும்?"

"ஆறு மாசம் சார்."

"போன தீபாவளிக்கு புரோக்கர்கிட்டயும் இதையேதானே சொன்னீங்க?"

பஜ்ஜி வயிற்றிலும் சம்பந்தம் நடுவழியிலும் நின்றது. திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடந்துகொண்டே வந்தார். பல்லாவரம் பக்கம் போகிற பஸ்ஸில் தப்பாக ஏறிவிட்டோம் என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு சிரிச்சது நல்லா இருந்துச்சு இல்ல?" என்றார் கடைசியில். "அந்தக் குக்கரை விட்டுருக்கலாம்டா."

அதற்குப் பிறகுதான் பெரிய இடி. அவருடைய கைடு ரிட்டயர் ஆகப் போகிறார். அதற்குள் முடிக்காவிட்டால் வேறு கைடு, வேறு கமிட்டி, ஏறக்குறைய முதலிலிருந்து. அண்ணன் சாப்பாட்டை மறந்தார். எப்போதும் தலையைப் பிய்க்கிற கை இப்போது ஓயவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் தயிர்சாதம் கட்டிக் கொடுத்து, "அவன் வாயில போட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினார். லேபில் அண்ணனும் கைடும் மட்டும். பெட்டி திறந்து கிடந்தது. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைக் கைடு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தடவிப் பார்த்தார். இரண்டு விரலால் எதையோ உருவி வெளிச்சத்தில் பிடித்தார். ஒற்றை முடி. அது ரப்பருக்கு அடியில் குறுக்கே கிடந்தால் போதும், காற்றுக்கு அதுவே வாசல்.

"யாருதுய்யா இது?"

அண்ணன் அவர் தலையைப் பார்த்தார். வழுக்கை பளபளத்தது.

"என்னோடதா இருக்க சான்ஸே இல்ல" என்றார் கைடு.

லீக்கைத் தேடிப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தலையைப் பிய்த்திருக்கிறார். பிய்த்ததெல்லாம் வளையத்தில் விழுந்திருக்கிறது. அண்ணன் தயிர்சாதத்தை என் கையிலேயே விட்டுவிட்டு சலூனுக்கு ஓடினார். மொட்டைத் தலையோடு திரும்பி வந்து வளையத்தைத் துடைத்து மூடிப் பம்பைப் போட்டார். மீட்டரில் முள் இறங்கியது. இறங்கி, அவர் கனவு கண்ட இடத்தில் நின்றது. பிறகு அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

கைடு ரிட்டயர் ஆவதற்குள் தீசிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வாய்மொழித் தேர்வான வைவா அன்று டீச்சர் பட்டுப்புடவையில் கடைசி வரிசையில் இருந்தார். வெளியூர்த் தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் அண்ணன் மேடையில் நடந்துகொண்டே பதில் சொன்னார். "பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம்" என்றதும் டீச்சர் கை தூக்கினார்.

"இனிமேலாவது வேளைக்குச் சாப்பிடுவியா?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் அண்ணன் நடப்பதை நிறுத்தினார். "ட்ரை பண்றேன் டீச்சர்" என்றார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அந்தப் பதில் தனக்குத் திருப்தி என்றார்.

டாக்டர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். ஹால் கைதட்டியது. பிறகு எல்லோரும் சமோசா இருந்த பக்கம் போய்விட்டார்கள். நான் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தேன்.