அட்டை கடிக்காத கால்

அட்டைக்குப் பயப்படுகிற ஆள் மாத்தளை மலைப்பக்கத்தில் பிறந்திருக்கக் கூடாது. நான் பிறந்துவிட்டேன். அந்தப் பயத்தை மறைக்க நான் சொன்ன ஒரு பொய்க்கு என் தாய்மாமாவின் முப்பத்தொரு மரங்கள் பலியாயின. (மரம் செத்ததற்கு யாரும் பொலிசுக்குப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

அப்போது எனக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். பழமரங்களின் இலைப் பச்சையத்தைச் செயற்கைக்கோள் படத்தை வைத்தே கணிப்பதுதான் என் ஆய்வு. முதலில் மரம் மரமாகப் போய், ஒரு சின்னக் கருவியால் இலையைக் கவ்விப் பச்சையத்தை அளக்க வேண்டும். அந்த அளவுகளையும் மேலிருந்து எடுத்த படத்தையும் சேர்த்துக் கணினிக்குக் கொடுத்தால், எந்த நிறத்துக்கு எவ்வளவு பச்சையம் என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு படத்தைப் பார்த்தே எந்த மரம் வாடுகிறது என்று சொல்லிவிடும். இதை நான் வீட்டில் விளக்கிய விதத்தில், செயற்கைக்கோளை ஏவியதே நான்தான் என்று அம்மா நம்பிவிட்டார்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது சூசை மாமாவின் அவகாடோத் தோட்டம். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் வழியில் இருக்கிறது. மாமா தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மரங்களைத்தான் "நம்ம ஆளுங்க" என்பார். மேல் வரிசைகள் வீட்டை ஒட்டி இருந்தன. கீழ் வரிசைகள் ஈரச் சரிவில், அட்டைகளின் சொந்த ஊரில். கீழே போகிறவர்களுக்காகவே அத்தை உப்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து, ஒரு சிரட்டையில் பின்கதவு ஆணியில் தொங்கவிட்டிருப்பார். அதைக் காலில் பூசிக்கொண்டு போனாலும் இரண்டு கடியாவது வாங்காமல் யாரும் திரும்பியதில்லை.

நான் வேலிவரை போனேன். புல் நுனியில் ஓர் அட்டை எழுந்து நின்று என் பக்கமாக ஆடியது. என் விஞ்ஞானம் அங்கேயே முடிந்துவிட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்து, மேல் மரங்களின் அளவுகளைப் பார்த்து, அங்கங்கே கொஞ்சம் கூட்டிக் குறைத்து, கீழ் மரங்களுக்கும் எழுதிக்கொண்டேன். (வெயிலில் அலைந்தவன் மாதிரி முகத்தில் தண்ணீர் வேறு தெளித்துக்கொண்டேன். அவ்வளவு திறமை!)

கணினி பாவம். வாடிய மரங்களின் நிறத்தைக் காட்டி, "இதுவும் நல்ல பச்சைதான்" என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் அப்படியே படித்துக்கொண்டது. சரிபார்த்ததும் அதே பொய் அளவுகளை வைத்துத்தான். எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது.

அடுத்த வாரம் மடிக்கணினியோடு மாமா முன்னால் உட்கார்ந்தேன்.

"மாப்ள, கீழ வரிசை மஞ்சளாத் தெரியுதுப்பா. தண்ணி நிக்குது. மழைக்கு முன்னுக்கு கான் வெட்டிறலாம்னு ரெண்டு ஆளுக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

கான் என்றால் தண்ணீர் வடிய வெட்டும் வாய்க்கால். வாழ்நாள் முழுக்க அதை வெட்டுவித்த மனிதருக்கு நான் பாடம் எடுத்தேன்.

"அவசரப்படாதீங்க மாமா. கான் வெட்டி வேர் அறுந்தாத்தான் மரத்துக்குக் கெடுதி. இந்தா பாருங்க, படத்துல எல்லாமே பச்சையா இருக்கு."

"கீழ போயி எல எடுத்தியா?"

"முப்பத்தொரு மரத்துலயும் எடுத்தேன்."

மாமா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பச் சரி. ஆளுங்கள வர வேணாம்னு சொல்லிர்றேன்."

அந்த வருடம் மழை விடவே இல்லை. மழை ஓய்ந்தபோது கீழ் வரிசைகளில் இலையே இல்லை. மாமா ஒரு மரத்தடியில் தோண்டிக் காட்டினார். வேர் கறுத்து, கையோடு உரிந்து வந்தது. அன்றுதான் நான் முதல்முறையாகக் கீழே இறங்கினேன். காலில் எத்தனை அட்டை ஏறியது என்று எண்ணவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை அவற்றைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கே நெனச்சேன். சிரட்டையில கை வச்ச அடையாளமே இல்ல. கால்ல ஒரு கடியும் இல்ல. கீழ போனவன் காலா அது?"

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே எல பறிச்சுத் தந்திருப்பேனே மாப்ள" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதைச் சொன்னாலும், "காலக் காட்டு" என்பார்கள். பாடம் படித்துவிட்டேன் என்கிற பிள்ளையிடமும், பூசைக்குப் போய் வந்தேன் என்கிற பெரியப்பாவிடமும் அதே கேள்விதான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருடம் மாமா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். டாக்டரைப் பார்க்க நீண்ட வரிசை. அவர் என்ன சொல்வாரோ என்ற பயம் வேறு. பாதியில் திரும்பி வந்து, "டாக்டர்கிட்டப் பேசிட்டேன் மாமா. பயப்பட ஒண்ணுமில்லயாம். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மெதுவாக, "காலக் காட்டு" என்றார்.

நான் எழுந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து சொன்னேன். அது நல்ல சேதி இல்லை. மாமா என் கையைத் தட்டிக்கொடுத்து, "இப்பத்தான் நீ கீழ போயிருக்க" என்றார்.

அவர் இப்போது இல்லை. "காலக் காட்டு" மட்டும் இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது அதைச் சொல்லிச் சிரிக்கும்போது, நான் என் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறேன்.