பூசணித் தம்பி

ஒரு மாதம் முழுக்க நான் ஒரு பூசணிக்காய்க்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறேன். அப்போது மலையாள எல்லைக்கு அந்தப்புறம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வாத்தியாராக இருந்தேன். எனக்குப் பயந்து பிள்ளைகள் நடுங்குவார்கள். அவர்களில் ஒருவன் எங்கள் ஜன்னலை எட்டிப் பார்த்திருந்தால் என் உத்தியோகம் அன்றோடு போயிருக்கும்.

காரணம் என் மகள் மாராத்தா. அவளுக்கு மூன்று வயது நடக்கும்போது என் மனைவி பொள்ளாச்சிப் பக்கத்துத் தாய்வீட்டில் ஒரு மகனைப் பெற்றாள். மாராத்தா தம்பியின் கண்ணுக்குள் விரலை விட்டு, திறக்கிறதா என்று சோதித்தாள். மறுநாள் பருப்பு மத்தை எடுத்து அவன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டாள். என் மனைவியின் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பெரியவளக் கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை. பதனமாப் பழகுனான்னா தங்கச்சியயும் சின்னவனயும் கொண்டாந்து உடறேன். அப்பவும் அடிச்சான்னா, அதே வண்டியில ரெண்டு பேரையும் திருப்பிக் கூட்டிட்டு வந்துருவனுங்க. சின்னது பொழைக்கோணுமில்லீங்க."

"ஒரு மாசம் பொறுங்க மச்சான். வாத்தியார் ஊட்டுப் புள்ளைங்க" என்றேன். (மீசையைத் தொட்டுக்கொண்டு சொன்னதாக ஞாபகம்.)

வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் கனத்துக்கு ஒரு வெள்ளைப் பூசணியைத் தேடிப் பிடித்தேன். மனைவியின் பழஞ்சேலையில் சுற்றித் தொட்டிலில் போட்டேன். காம்புப் பக்கம் தலை. "இதுதான் கண்ணு தம்பி. தலைக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. மெல்ல." முதல் நாளே தம்பி தரையில் உருண்டான். கீறல் விழவில்லை. உண்மையான மகனை நினைத்துக்கொண்ட எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

அடுத்தது பங்கிடும் பாடம். வெல்லக்கட்டி கிடைத்தால் உடைத்து, பெரிய துண்டு தம்பிக்கு. அவனுக்குப் பல் இல்லையாதலால் நெஞ்சின்மேல் வைத்தால் போதும் என்று விதி செய்திருந்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அதை எடுத்து நான் வாயில் போட்டுக்கொள்வேன். (பாடத்துக்கு அது அவசியம்.) எங்களோடு இருந்த என் அக்கா ஒருநாள் சொன்னாள்: "ஏஞ்சாமி, பூசணிக்காய் அப்படியேதான் இருக்குது. நீதான் பெருத்துட்டே."

மாதக் கடைசியில் மாராத்தா பூசணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் சாப்பிட உட்கார மாட்டாள் என்றாகிவிட்டது. நான் வெற்றி பெற்றவனாக மைத்துனருக்கு ஆள் அனுப்பினேன்.

எல்லைச் சவுக்கையில் சோதனைக்காக நின்று நின்று, வண்டி எங்கள் வாசலுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. அக்கா ஆரத்தி சுற்றினாள். "திருஷ்டிக்குப் பூசணிக்காய் எங்கீங்க மாப்பிள்ளை?" என்றார் மைத்துனர். மாதம் முழுக்கப் பூசணியோடு வாழ்ந்த நான், வேண்டிய அன்று ஒரு பூசணி வாங்க மறந்திருந்தேன். மைத்துனர் தாமே உள்ளே போய், சேலையை உதறிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"காயத் தொட்டில்ல போட்டா வெப்பாங்க? படிச்ச ஊட்டு வழக்கமே தனிதானுங்க."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பெண்வீட்டார் அத்தனை பேர் நடுவில், அது என் மகன் மாதிரி என்று எப்படிச் சொல்வது? தொண்டையைச் செருமினேன். அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். காயைக் குடைந்து குங்குமத்தை அடைத்து, சூடம் ஏற்றி, தாயையும் பிள்ளையையும் சுற்றி, தெருவில் ஓங்கிப் போட்டு உடைத்தார். சிவப்பாகச் சிதறியது.

மாராத்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. நல்லவேளை, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். (என் கல்வி அவ்வளவுதான்.)

குழந்தையை உள்ளறையில் கம்பளியில் கிடத்திவிட்டு எல்லாரும் இலையில் உட்கார்ந்தோம். சற்றுக் கழித்து உள்ளே போன என் மனைவியின் குரல் கேட்டது.

"ஏனுங்க, புள்ளையக் காணமுங்க."

கம்பளியும் இல்லை. மாராத்தாவும் இல்லை. அக்கா கிணற்றடிக்கு ஓடினாள். நான் சோற்றுப்பானையைத் திறந்து பார்த்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. மைத்துனர் வாசலைப் பார்த்து, "வண்டியப் பூட்டுங்கடா. புள்ள கெடைச்ச கையோட கெளம்பறோம்" என்றார்.

அன்று காலையில் மெழுகிய தரையில் கம்பளி இழுபட்ட தடம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். சாமான் அறையில், நிலக்கடலை மூட்டைகளுக்குப் பின்னால் மாராத்தா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி. தலைக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. அவன் நெஞ்சின்மேல் ஒரு பெரிய வெல்லத்துண்டு. அவள் கன்னத்துக்குள் ஒரு சின்னத் துண்டு. அவன் விழித்துக்கொண்டு அவளையே பார்த்தான். ஒரு முனகல்கூட இல்லை.

எனக்குப் பின்னால் வந்து நின்ற மைத்துனரைப் பார்த்ததும் தம்பியை இன்னும் அணைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்:

"மாமா, இது காயில்ல. நெசத் தம்பி. ஒடைக்காதீங்க."

அந்தப் பெரிய மனிதர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் மேல்துண்டு முகத்தில் இருந்தது. பிறகு வெளியே பார்த்து, "மாட்ட அவுத்து உடுங்கடா" என்றார். அந்த இரண்டு குழந்தைகளுக்கும் நான்தான் தகப்பன் என்று தெருவில் போய்க் கத்த வேண்டும்போல் இருந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கத்தவில்லை.

இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் யாராவது, "வாத்தியாருக்குக் கொழந்தைங்க எத்தனைங்க?" என்று கேட்டால் மைத்துனர் முந்திக்கொள்வார்.

"மூணுங்க. ஒண்ணு தவறிப்போச்சுங்க."

கேட்டவர் முகம் வாடும். "அடப் பாவமே. என்னங்க ஆச்சு?" என்று என் பக்கம் திரும்புவார்.

"தாய்மாமனே தெருவுல போட்டு ஒடைச்சுட்டாருங்க" என்பேன் நான்.