முன் சீட்டு மாப்பிள்ளை

இனிமேல் சுபாஷ் காரில் பின் சீட்டில் உட்கார்ந்தால் என் பேர் தாண்டவராயன் இல்லை! 1991 சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மண்ணூரில் என் வீட்டு வாசலில் நின்று இப்படி ஒரு சபதம் செய்தேன். கேட்டது என் ஸ்கூட்டர் மட்டும்தான்.

சுபாஷ் என் சகலை. அதாவது என் மனைவி கனகத்தின் தங்கை ஜோதியைக் கட்டியவன். மெட்ராஸில் டைல்ஸ் கடை. வயதில் என்னைவிட இளையவன், வசதியில் மூத்தவன். செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய கார் வாங்கியிருந்தான். அதில் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டாம். பட்டனை அழுத்தினால் 'உய்ய்' என்று தானாக இறங்கும்.

போன பொங்கலுக்கு மாமனார் ஊரான சேரப்பணஞ்சேரிக்கு அதில்தான் போனோம். முன் சீட்டில் ஜோதி. பின் சீட்டில் மூத்த மாப்பிள்ளையாகிய நான், மடியில் ஒரு பூசணிக்காய். மாமனார் பாண்டுரங்கன் ஓடிவந்து முன் கதவைத் திறந்து, "வாங்க வாங்க" என்றார். அப்புறம் பூசணிக்காயை வாங்கிக்கொண்டார். அதற்கும் அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிறு எரிந்தது. ஒரகடம் ரோட்டில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர் நான். எத்தனை மோட்டாரைக் கழற்றி மாட்டிய கை இது! ஆனால் மாமனார் வீட்டில் இந்தக் கைக்கு மரியாதை இல்லை.

இப்போது மாமனார் வீட்டில் மைத்துனனுக்கு நிச்சயதார்த்தம். ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று சனிக்கிழமையே சுபாஷும் ஜோதியும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வரும்போதே சுபாஷ் முகம் வாடியிருந்தது.

"சகலை, முன்னாடி லெஃப்ட் சைடு கண்ணாடி அசைய மாட்டேங்குது. மோட்டார் பூட்ச்சாம். புதுசு வாங்கியாந்துகீறேன். நீங்கதான் மாட்டித் தரணும்."

முன்பக்கம் இடது. ஜோதி உட்காரும் இடம்! எனக்கு உடனே ஒரு யோசனை பிறந்தது.

"அதுக்கின்னா, மாட்டிட்டா போச்சு" என்றேன், தேன் ஒழுக.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினேன். கண்ணாடி விழாமல் கனகம் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். பழைய மோட்டாரை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். பட்டனை அழுத்தினேன். உய்ய், கீழே. உய்ய், மேலே.

"சூப்பர், சகலை!" என்று கை தட்டினான் சுபாஷ்.

"நீங்க போய் டீ சாப்டுங்க. நான் அட்டைய மூடிட்டு வரேன்."

அவன் உள்ளே போனான். கண்ணாடி முழுக்க மேலே ஏறியிருந்தது. மோட்டாருக்கு வரும் ஒயரை மெதுவாக உருவிவிட்டேன். அட்டையை மூடினேன். நாளைக்குச் சித்திரை வெயிலில், இறங்காத கண்ணாடிக்குப் பக்கத்தில் ஜோதி வேகுவாள். புருஷனைத் திட்டித் தீர்ப்பாள். 'மெட்ராஸ்ல வாங்குன டுபாக்கூர் மோட்டாரு, நான் இன்னா பண்றது' என்று நான் உதட்டைப் பிதுக்குவேன்.

கனகம் கீழே உருண்ட ஸ்குருக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, வேல முடிஞ்சிதா?"

"பக்காவா முடிஞ்சிது."

"உள்ள ஒண்ணும் மாட்டாம வுட்டுடலியே?"

"ஃபிட்டர் பொண்டாட்டி கேக்கற கேள்வியா இது?"

"சும்மா கேட்டேன்."

பாவம், ஒயரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்!

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே வெயில் கொளுத்தியது. வெள்ளிக்கிழமைச் சபதத்தை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டுப் பின் கதவைத் திறந்தேன். வேடிக்கை பார்க்கப் பின் சீட்டுதான் வசதி.

"எங்க போறீங்க?" என்றாள் கனகம்.

"பின்னாடி."

"ஏ ஜோதி, எறங்குடி. மூத்த மாப்ள பின்னாடி குந்திகினு வந்தா நம்மூர்ல நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"அய்யோ, ஆமாங்க்கா! மாமா, நீங்க முன்னாடி வாங்க."

"பரவால்லம்மா, எனக்குப் பின்னாடியே..."

"இன்னா பரவால்ல? பொங்கல்லேர்ந்து வூட்ல இதே பொலம்பல். எனக்கு மரியாத இல்ல, முன் சீட்டு இல்லன்னு! இப்ப குடுத்தா வெக்கப்படறீங்க?"

சுபாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, சகலை?" என்று என் கையைப் பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான்.

ஒரகடம் ரோடு தெற்கே போகிறது. காலை வெயில் முழுக்க இடது பக்கம். பட்டுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பின்னால் அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு கண்ணாடியை, உய்ய், உய்ய், இறக்கிவிட்டுக் காற்று வாங்கினார்கள்.

"சகலை, உங்க பக்கம் எறக்குங்களேன்."

அழுத்தினால் இறங்காது. இறங்காவிட்டால் ஃபிட்டர் மானம் போகும். உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை மானமே போகும்.

"வேணாம். எனக்கு சளி."

"இந்த வெயில்லயா?"

"வெயில் சளி."

"ஆமா தம்பி, அவருக்குக் காத்து ஆவாது" என்றாள் கனகம் பின்னாலிருந்து. "உங்க பக்கமும் ஏத்திடுங்க."

என் மேல் இருந்த பாசத்தில் அவனும் ஏற்றிவிட்டான். உய்ய்!

சேரப்பணஞ்சேரி வந்தது. மாமனார் ஓடிவந்து முன் கதவைத் திறந்தார். நாலு மாதமாக நான் ஏங்கிய காட்சி! முதலில் அனல் இறங்கியது. பிறகு நான் இறங்கினேன்.

"வாங்க மாப்ள! இன்னா இது, ஏரில குளிச்சிட்டு அப்டியே வந்துட்டீங்களா?"

சம்பந்தி வீட்டார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். கனகத்தைத் தனியாக இழுத்தேன்.

"ஏண்டி, எல்லாம் தெரிஞ்சேதான் பண்ணியா?"

கனகம் முந்தானையால் என் முகத்தை ஆசையாகத் துடைத்தாள்.

"அந்த ஒயர நாளைக்கு மாட்டிக்கலாங்க. சாயங்காலம் திரும்பறப்பவும் முன் சீட்டு ஒங்களுக்குத்தான்னு அப்பாவையே சொல்ல வெச்சிட்டேன்."